லேடெக்ஸ் மொட்டை கேப்பில் செதில் தோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பு மனிதன், பல்லித் தலையன், நீரில் வாழும் ஜீவன் என்று எந்த உயிரின மேக்கப்பை எடுத்தாலும் முதல் சிக்கல் தலைமுடிதான். அதை மறைக்கத் தலையோடு ஒட்டிப் படியும் மெல்லிய உறையான மொட்டை கேப் போடுகிறோம். கேப் வழவழப்பாக இருந்தால் மொட்டையடித்த மனிதனாகவே தெரியும் என்பதால் அதன் மேல் லேடெக்ஸ் என்னும் ரப்பர் பாலால் செதில் ஏற்றுகிறோம். குறும்படம், மேடை நாடகம், காஸ்பிளே என்று இந்த வேலையில் இறங்குகிறவர்கள் மறுபடி மறுபடி கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும். முதல் தடவை படிப்பவர்கள் வரிசையாகவே வாருங்கள்.

பிளாஸ்டிக் கேப், லேடெக்ஸ் கேப்னு ரெண்டு விக்கிறாங்க. செதில் வேலைக்கு எது வாங்கணும்?

லேடெக்ஸ். பிளாஸ்டிக் கேப்பின் ஓரத்தை அசிட்டோன் என்ற கரைப்பான் தொட்டுக் கரைத்துத் தோலோடு கலந்துவிடலாம். வெறும் மொட்டைத் தலைக்கு அதனால்தான் அதை விரும்புகிறார்கள். ஆனால் அதன் மேல் லேடெக்ஸ் செதில் நன்றாகப் பிடிக்காது. தலையில் இழுத்து மாட்டும்போது தகடு தகடாக உரிந்து வரும். லேடெக்ஸ் மேல் லேடெக்ஸ் ஏற்றினாலோ இரண்டும் ஒரே ரப்பராகிவிடும்.

லேடெக்ஸ் கேப்பின் ஓரம் அசிட்டோனில் கரையாது. சாதாரண மொட்டைக்கு இது பெரிய தலைவலி. உயிரின மேக்கப்பில் அந்த ஓரத்தின் மேலேயே சிறு செதில்களை ஒட்டி மறைக்கலாம் என்பதால் இங்கே அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஓரத்தைப் பற்றித் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

எனக்கு ரப்பர் கிளவுஸ் போட்டா கை அரிக்கும். கொஞ்ச நேரம்தானே, போட்டுக்கலாமா?

கூடாது. இயற்கை ரப்பரில் உள்ள புரதம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். அரிப்பில் தொடங்கி மூச்சுத்திணறல் வரை போகலாம், அது உயிருக்கே ஆபத்து. பலூன் ஊதினால் உதடு வீங்குகிறவர்கள், வாழைப்பழம், பப்பாளி, கிவி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறவர்கள் எல்லோரையும் முன்பே கேட்டு விலக்கி வையுங்கள். இந்தப் பழங்களின் ஒவ்வாமையும் லேடெக்ஸ் ஒவ்வாமையும் சிலருக்குச் சேர்ந்தே வருவது மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

எந்த அறிகுறியும் இல்லாதவருக்கும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு லேடெக்ஸும், தனியாக ஒரு சொட்டு ஒட்டும் பசையும் வைத்து 24 முதல் 48 மணி நேரம் பாருங்கள். சோதனையில் தேறிவிட்டார் என்பது முழு உத்தரவாதம் ஆகாது. கேப் போட்ட பிறகு தடிப்பு, இருமல், கண் வீக்கம் எது வந்தாலும் உடனே கழற்றிவிடுங்கள். மூச்சுத் திணறினால் நேராக மருத்துவமனைதான்.

என்னென்ன வாங்கணும்? லேடெக்ஸ் எவ்வளவு ஆகும்?

ஒரு வெறும் கேப்புக்குச் சிந்துவது, பஞ்சு குடிப்பது எல்லாம் சேர்த்து 100 மில்லி வேண்டும். தலை முழுக்க 1 மில்லிமீட்டர் உயரத்தில் செதில் ஏற்ற இன்னும் 100 முதல் 150 மில்லி. 250 மில்லி டப்பா ஒன்று வாங்கினால் ஒரு தலைக்குச் சரியாக இருக்கும். முதல் முயற்சியென்றால் அரை லிட்டராக வாங்கிக்கொள்ளுங்கள்.

இதோடு வழவழப்பான தலை அச்சு, வெள்ளை மேக்கப் ஸ்பாஞ்ச், டால்கம் பவுடர், ஹேர் டிரையர், பழைய பிரஷ் சில, லேடெக்ஸைக் கெட்டியாக்க கேபோசில் என்று கடைகளில் கிடைக்கும் நுண் சிலிக்கா பவுடர். இந்தப் பவுடர் புகையாகக் கிளம்பும் என்பதால் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். பிரஷ்ஷை லேடெக்ஸில் தோய்க்கும் முன் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே வேலையோடு அது ரப்பர் குச்சியாகிவிடும். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடை அமோனியா. லேடெக்ஸ் உறையாமலிருக்கச் சேர்ப்பது அது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டாம், அவை ரப்பரைக் கறுக்க வைத்து நாளடைவில் கெடுக்கும்.

எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டம். மரத்துலேர்ந்து ரப்பர் பாலே கிடைக்குது. அதையே எடுத்துக்கலாமா?

கேப்புக்கு ஆகாது. மரத்துப் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அமோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்திலேயே திரிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, அது வல்கனைஸ் ஆகாதது, அதாவது கந்தகம் சேர்த்து உறுதியாக்கப்படாதது. காய்ந்தால் படலம் வரும், ஆனால் வலு இருக்காது. இழுத்தால் இழுத்தபடியே நிற்கும், வெயிலில் பிசுபிசுக்கும்.

மேக்கப்புக்கு விற்பது மையவிலக்கில் கடைந்து ரப்பர் அளவை 60 சதவீதம் வரை கூட்டி, கந்தகம் சேர்த்து முன்கூட்டியே வல்கனைஸ் செய்தது. கடையில் ‘ப்ரீவல்கனைஸ்டு லேடெக்ஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். காய்ந்ததை இழுத்துவிட்டால் பழைய அளவுக்கே திரும்பும், அதுதான் அடையாளம்.

கேப்பை நானே செய்யணுமா, கடையில் வாங்கினா போதாதா?

முதல் இரண்டு மூன்று சோதனைகளுக்குக் கடை கேப் போதும். சோப்புத் தண்ணீரில் கழுவி, அதிலுள்ள பவுடரை முழுக்க எடுத்துக் காயவைத்த பிறகே செதில் ஏற்றுங்கள். பவுடர் இருந்த இடத்தில் செதில் நிற்காது.

நாமே செய்தால் எங்கே தடிமன், எங்கே மெல்லிசு என்பது நம் கையில் இருக்கும். தலை அச்சில் முடிக்கோட்டைப் பென்சிலால் வரைந்து, அதிலிருந்து 1.5 சென்டிமீட்டர் வெளியே வரை முதல் பூச்சை ஸ்பாஞ்சால் ஒற்றி ஏற்றுங்கள். இழுத்துப் பூசினால் கோடு விழும். பால் வெள்ளை மறைந்து கண்ணாடி போல் தெளிந்தால்தான் காய்ந்ததாக அர்த்தம். டிரையரின் மிதமான சூட்டில் 10 நிமிடம் பிடிக்கும், மழைக்காலத்தில் கூடுதலாகும். அடுத்த ஒவ்வொரு பூச்சையும் முந்தையதைவிட 4 மில்லிமீட்டர் உள்ளே நிறுத்துங்கள். உச்சியில் ஐந்தாறு பூச்சு, ஓரத்தில் ஒன்றே ஒன்று. இப்போது கழற்ற வேண்டாம், அச்சின் மேலேயே செதில் வேலை நடக்கும்.

என்கிட்ட இருக்கிற தலை அச்சு சின்னது. ரப்பர்தானே, இழுத்தா பெரிய தலைக்கு வராதா?

கேப் வரும், செதில் வராது. பலரின் வேலை கெடுவது இந்த இடத்தில்தான். 53 சென்டிமீட்டர் அச்சில் செய்ததை 58 சென்டிமீட்டர் தலையில் இழுத்தால் தடித்த செதில் நீளாது. அந்த நீட்சி முழுவதையும் செதில்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பள்ளம்தான் தாங்க வேண்டும். செதில்கள் விலகித் தனித்தனியாகத் தெரியும், பள்ளத்து பெயின்ட் வெடிக்கும், சில இடங்களில் கிழியும்.

நிஜப் பாம்பின் உடம்பும் இப்படித்தான் இயங்குகிறது. பெரிய இரையை விழுங்கும்போது செதில்கள் பெரிதாவதில்லை, நடுவில் மடிந்திருக்கும் தோல் விரிகிறது. நம் கேப்பிலும் பள்ளம் மெல்லிசாக, நெகிழ்வாக இருந்தால்தான் தலை அசையும்போது தோல் உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். செதிலை எவ்வளவு அழகாகச் செய்தீர்கள் என்பதைவிடப் பள்ளத்தை எவ்வளவு காப்பாற்றினீர்கள் என்பதே எங்கள் முதல் அளவுகோல்.

ஆகவே நடிகரின் தலையை, முடியைப் படிய வாரிய நிலையில் நெற்றி முதல் பிடரி வரை சுற்றி அளந்துகொள்ளுங்கள். அச்சு சிறியதென்றால் காகித டேப் சுற்றிப் பெரிதாக்கி, மேலே வழவழப்பான டேப் ஒட்டிச் சமன்செய்யுங்கள். அளந்ததைவிட 1 சென்டிமீட்டர் குறைவாக அச்சு இருந்தால் போதும், கேப் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

செதில் கொண்டுவர ரொம்ப சுலபமான வழி எது அண்ணா?

வலை. வெங்காயம், பூண்டு வரும் பிளாஸ்டிக் வலைப்பையோ, பெரிய கண்ணுள்ள வலைக் காலுறையோ எடுத்துக்கொள்ளுங்கள். அச்சின் மேலிருக்கும் கேப்பில் அதை இறுக்கி இழுத்துப் பின்னால் கட்டுங்கள். டைமண்ட் கண்ணின் நீளவாக்கு நெற்றியிலிருந்து பிடரி நோக்கிப் போகட்டும். நெற்றிப் பக்கம் வலையைக் குறைவாக இழுத்தால் கண் சிறியதாகவும், உச்சியில் கூடுதலாக விரித்தால் பெரியதாகவும் இருக்கும். ஒரே வலையில் இரண்டு மூன்று அளவுச் செதில் கிடைத்துவிடும்.

லேடெக்ஸில் கேபோசிலை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக் கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கத்தியால் கலவையைக் கண்களுக்குள் அழுத்தித் தேய்த்து, நூல்களின் மேல் இருப்பதை வழித்துவிடுங்கள். நூல் இருந்த இடம்தான் நாளைக்குப் பள்ளம்.

வலையை எடுக்கும்போது செதிலும் கூடவே பிய்ஞ்சு வருதே?

தாமதமாக எடுக்கிறீர்கள். லேடெக்ஸ் மேலே தோல் கட்டியதும் நூலைப் பிடித்துக்கொள்ளும். பூசிய ஓரிரு நிமிடத்துக்குள், ஈரமாக இருக்கும்போதே வலையை நேராக மேல்நோக்கித் தூக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் செதில் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். உள்ளங்கை அளவு என்று மேலே சொன்னது இதற்காகத்தான். தலை முழுக்கப் பூசிவிட்டு எடுக்கலாம் என்றால், முடிக்கும் முன்பே தொடங்கிய இடம் உறைந்துவிடும்.

எடுத்ததும் செதில் வழிந்து பரவினால் கலவை இளகல். அடுத்த பகுதிக்கு வலையை நகர்த்தும் முன் முதல் பகுதி முழுக்கக் காய வேண்டும். இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் வரிசை பொருந்தாது. அங்கே கீழே வரும் கோன் முறையில் பத்திருபது செதிலைக் கையால் வைத்து இணைத்துவிடுங்கள். வலையை எடுக்காமல் உள்ளேயே விட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்கள். விட்டால் கேப்பின் நீட்சி போய்விடும், தலையில் ஏறாது.

மருதாணி கோன்ல போட்டு புள்ளி புள்ளியா வைக்கலாமா?

தாராளமாக. உடும்பு போல மணிமணியான தோலுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. காலி கோனில் கெட்டி லேடெக்ஸை நிரப்பி நுனியை 1 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சும் சரிதான். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது இடம் விடுங்கள், அதுவே பள்ளம்.

காயும்போது தண்ணீர் போய்விடுவதால் 2 மில்லிமீட்டர் உயரப் புள்ளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டராக அமரும், உச்சியில் லேசாகக் குழியும் விழலாம். அதன் மேல் இன்னொரு சிறு புள்ளி வைத்தால் குழி நிரம்பிக் கூம்பாக வரும். காயும் முன் ஈரமான பல்குச்சியால் பின்பக்கமாக லேசாக இழுத்துவிட்டால் முள் நுனி கிடைக்கும். ஓணானின் பிடரி முள்ளை இப்படியே வரிசையாக எழுப்பலாம்.

பாம்புக்கு இருக்கிற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்ச செதில் வேணும். வலையில வரலையே?

வராது, அதற்கு வார்ப்புதான். களிமண்ணை 1 சென்டிமீட்டர் தகடாகத் தட்டி, ஒரு கையளவு பரப்பில் செதிலைச் செதுக்குங்கள். ஒவ்வொன்றின் பின்நுனியும் சற்றே தூக்கி, அடுத்த வரிசையின் மேல் படிந்திருக்க வேண்டும். சுற்றிச் சுவர் எழுப்பி, எடையில் 10 பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு 7 பங்கு தண்ணீர் என்ற கணக்கில் கரைத்து 2 சென்டிமீட்டர் கனத்தில் ஊற்றுங்கள். இறுகியதும் களிமண்ணை எடுத்துக் கழுவி, மோல்டை இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிடுங்கள். லேடெக்ஸின் தண்ணீரைப் பிளாஸ்டர் உறிஞ்சுவதால்தான் படலம் சீக்கிரம் கட்டுகிறது. ஈர மோல்டு உறிஞ்சாது. மோல்டுக்கு எண்ணெய், வாஸ்லின் எதுவும் தடவாதீர்கள், எண்ணெய் ரப்பரின் எதிரி.

முதலில் சாதா லேடெக்ஸை மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பூச்சு. காற்றுக் குமிழி நிற்காதபடி மூலைகளுக்குள் குத்திக் குத்திப் பூசுங்கள். பிறகு செதில் குழிகளுக்குள் மட்டும் கெட்டி லேடெக்ஸ். கடைசியாகப் பின்னால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. பின்பக்கம் முழுவதையும் தடிமனாக நிரப்பினால் தகடு மட்டைபோல் நிற்கும், தலையின் வளைவில் படியாது. காய்ந்ததும் பவுடர் போட்டு உரித்தெடுங்கள்.

ஒட்டும் இடத்தில், தகட்டின் பின்னாலும் கேப்பின் மேலும் பவுடரை ஈரத்துணியால் துடைத்து, இரண்டிலும் லேடெக்ஸ் பூசி, தெளியும்வரை பொறுத்து, பிறகு அழுத்துங்கள். தொட்ட கணமே பிடித்துவிடும், நகர்த்த முடியாது. எனவே இடத்தை முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிடரியில் தொடங்கி நெற்றி நோக்கி வந்தால் முன்தகடு பின்தகட்டின் மேல் படிந்து இணைப்பை மூடிவிடும்.

ஜவ்வரிசி, கடுகு எல்லாம் லேடெக்ஸில் புதைச்சு செய்யலாம்னு சொல்றாங்க. சரியா?

ஒரு நாள் மேடைக்கு என்றால் கடுகு பரவாயில்லை. ஜவ்வரிசி லேடெக்ஸின் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், பிறகு சுருங்கி உள்ளே வெற்றிடம் விடும். பருப்பு வகைகளில் வண்டும் பூஞ்சையும் வரும். கடினமான மணி உள்ளே இருப்பதால் நடிகர் சாய்ந்து படுத்தால் தலையில் குத்தும் என்பதையும் யோசியுங்கள். கோன் முறையில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் இதெல்லாம் தேவையே இல்லை.

செதிலெல்லாம் வெச்சாச்சு, ஆனாலும் தலை அன்னாசிப்பழம் மாதிரி இருக்கு. என்ன குறை?

எல்லாச் செதிலும் ஒரே அளவில் இருக்கிறது. எந்த ஊர்வனவுக்கும் அப்படி இல்லை. அசையும் இடத்தில் சிறியது, அசையாத இடத்தில் பெரியது என்று வையுங்கள். நெற்றியிலும் அதன் இரு ஓரப் பொட்டிலும் 2 மில்லிமீட்டர், உச்சியில் 6 முதல் 8 மில்லிமீட்டர், பிடரி மடிப்பில் மறுபடி சிறியது. புருவத்தைத் தூக்கும்போது நெற்றியில் பெரிய செதில் இருந்தால் அட்டைபோல் மடிந்து காட்டிக்கொடுக்கும். படிந்த செதில்களின் நுனி எப்போதும் பின்னால், பிடரியை நோக்கியே.

எந்தப் பிராணி என்று முதலில் முடிவு செய்து அதன் படத்தை எதிரே வைத்துக்கொள்வது நல்லது. நல்ல பாம்பின் தலையில் பெரிய தட்டுகள் இடமும் வலமும் சமமாக அமைந்திருக்கும். அதற்கு வார்ப்பு முறைதான் பொருந்தும். கண்ணாடி விரியனின் தலையிலோ சின்னச் சின்னச் செதில்கள், வலை முறைக்குச் சரியான மாதிரி அது. முதலையின் தலை இரண்டிலும் சேராது. அதன் முகத்திலும் தாடையிலும் இருப்பவை தனித்தனியாக வளர்ந்த செதில்களே அல்ல, வளரும் தோல் மடிந்து உண்டான கட்டங்கள் என்று 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே முதலைக்கு வரிசை பார்க்காதீர்கள். களிமண்ணில் ஒழுங்கற்ற வெடிப்புக் கோடுகளைக் கீறி வாருங்கள், இடமும் வலமும் பொருந்தாமல் இருப்பதுதான் அங்கே நிஜம்.

ரெண்டு நாள் ஆகியும் பெரிய செதிலை அமுக்கினா உள்ள பால் வருது. ஏன்?

ஒரே தடவையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் குவித்திருப்பீர்கள். வெளியே தோல் கட்டிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வழியில்லை. டிரையரைச் சூடாக வைத்தால் தோல் இன்னும் வேகமாகக் கட்டும், நிலைமை மோசமாகும். ஊசியால் ஒரு துளை போட்டு மின்விசிறிக்கு அடியில் வையுங்கள், பிறகு துளையை ஒரு சொட்டு லேடெக்ஸால் மூடிவிடலாம். பெரிய கொம்பு, திமில் வேண்டுமென்றால் உள்ளே மெல்லிய ஃபோம் துண்டை ஒட்டி அதன் மேல் லேடெக்ஸைப் படிப்படியாக ஏற்றுங்கள். எடையும் குறையும்.

சிலிக்கோன்ல செதில் செஞ்சு இந்த கேப்ல ஒட்டலாமா?

பிளாட்டினம் வகை சிலிக்கோனை லேடெக்ஸ் மேல் ஊற்றினால் தொடும் பரப்பு இறுகவே இறுகாது, பிசினாக நிற்கும். லேடெக்ஸில் உள்ள கந்தகம் அதன் இறுகலைத் தடுக்கிறது. லேடெக்ஸ் கிளவுஸ் போட்டுக் கலக்கினாலே கெட்டுப்போகும் அளவுக்கு அது நுட்பமானது. தனியாக வார்த்து இறுகிய சிலிக்கோன் துண்டையும் லேடெக்ஸால் ஒட்ட முடியாது, ஒரே இழுப்பில் கழன்று வரும். இரண்டையும் கலக்காதீர்கள்.

பெயின்ட் காய்ஞ்சு மாட்டும்போது பொரிப் பொரியா உதிருது. எந்த பெயின்ட் அடிக்கணும்?

வெறும் அக்ரிலிக் அடித்திருக்கிறீர்கள். அது ரப்பர் அளவுக்கு நீளாது. கேப்பைத் தோலில் ஒட்டும் பிராஸ்-எய்டு பசையும் அக்ரிலிக்கும் சம பங்கு கலந்தால் வருவதைத் தொழிலில் ‘பாக்ஸ் பெயின்ட்’ என்பார்கள். கேப்போடு சேர்ந்து அது நீளும். காய்ந்தாலும் லேசாக ஒட்டும் என்பதால் மேலே பவுடர் அவசியம். இன்னொரு வழி, லேடெக்ஸிலேயே சிறிது அக்ரிலிக் கலந்து முதல் நிறத்தை ஏற்றுவது. சில அக்ரிலிக் பட்டதும் லேடெக்ஸ் திரிந்துவிடும், ஒரு கரண்டியில் கலந்து பார்த்த பிறகே டப்பாவில் கை வையுங்கள். ஈரத்தில் வெளிறித் தெரியும் நிறம் காய்ந்ததும் பல மடங்கு கறுக்கும். பச்சை வேண்டுமென்றால் புதினாச் சட்னி நிறத்தில் கலக்காதீர்கள், அதைவிட நன்றாக வெளிறியே தொடங்குங்கள்.

வரிசை இப்படி: கேப் முழுக்க ஆழ்ந்த நிறம், நீர்த்த கறுப்பு அல்லது காவியைப் பள்ளங்களில் ஓடவிட்டு மேலே இருப்பதைத் துடைத்தல், பிறகு ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் செதில் முகடுகளில் மட்டும் வெளிர் நிறம். மினரல் ஆயில் கலந்த கிரீஸ் மேக்கப் ரப்பரை ஊதவைக்கும். கிரீஸ்தான் வேண்டுமென்றால் விளக்கெண்ணெய் அடிப்படையில் ரப்பருக்கென்றே செய்த கிரீஸ்பெயின்ட்டை வாங்குங்கள். ஆல்கஹாலில் கரையும் மேக்கப் பேலட்டுகளும் நன்றாக நிற்கும்.

மாட்டும்போது பின்னாடி சுருக்கம் விழுது. செதில் கேப்புக்குன்னு தனி முறை இருக்கா?

முடியை ஜெல் போட்டு ஒட்டப் படிய வைப்பதுதான் பாதி வேலை. நீள முடியைக் கொண்டை போடாமல் தலை முழுக்கப் பரப்பிப் பின் செய்யுங்கள். கேப்பை இருவர் பிடித்து, முன்னிருந்து பின்னால் இறக்க வேண்டும். செதிலைப் பிடித்து இழுக்காதீர்கள், விளிம்புக்கு அருகே உள்ள வெறும் ரப்பரைப் பிடியுங்கள். நெற்றி நடுவில் முதலில் ஒட்டி, அது பிடித்த பிறகு நடிகரைச் சற்றே மேலே பார்க்கச் சொல்லிப் பிடரியை இழுத்து ஒட்டுங்கள். தலையை நேராக்கியதும் சுருக்கம் விரிந்துவிடும். காதுக்கு மேலே சிறு வெட்டு போட்டுக் காதை வெளியே எடுத்து, பிறகே பக்கங்களை ஒட்டுங்கள்.

வெறும் கேப்பை நன்றாக இழுத்து மாட்டலாம், இதை முடியாது. தலை அச்சைப் பற்றிய பதிலில் சொன்ன அளவைப் பிசகியிருந்தால் இந்த இடத்தில் அது தெரிந்துவிடும்.

நெத்தியில கோடு மாதிரி ஓரம் தெரியுது. எப்படி மறைக்கிறது?

செதிலை விளிம்பு வரை கொண்டுவந்திருந்தால் மறைக்க வழியே இல்லை. விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு உள்ளேயே தடித்த செதில் நின்றுவிட வேண்டும். ஒட்டிய பிறகு விளிம்பின் மேல் பிராஸ்-எய்டை ஸ்பாஞ்சால் இரண்டு மூன்று முறை ஒற்றிக் காயவைத்துப் பவுடர் போடுங்கள். புருவத்தில் லேடெக்ஸோ பசையோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தனியாக வார்த்து வைத்த சில சிறு செதில்களைப் பாதி கேப்பிலும் பாதி தோலிலுமாக விளிம்பின் மேலேயே பசையால் ஒட்டுங்கள். இரண்டு மூன்று கூட்டங்களாகச் சிதறவிடுங்கள். கன்னத்திலும் கழுத்திலும் வலையை வைத்து அதன் மேல் மேக்கப்பை ஒற்றியெடுத்தால் வரையப்பட்ட செதில் கிடைக்கும். புடைத்த செதில், சிதறிய செதில், வரைந்த செதில், வெறும் தோல் என்று படிப்படியாகக் கரைந்தால் கண் எந்தக் கோட்டையும் தேடாது.

வெயில்ல ஷூட். ரெண்டு மணி நேரத்துல பின்னாடி தூக்கிக்குது. என்ன செய்யலாம்?

வியர்வை கேப்புக்குள் வழிந்து பிடரியில் தேங்குகிறது. மேலே மேலே பசை போடுவதால் பயனில்லை. பிடரியில் கீழ் விளிம்பை 1 சென்டிமீட்டர் ஒட்டாமல் விட்டு வியர்வைக்கு வழி கொடுங்கள், சட்டைக் காலர் அதை மறைக்கும். ஒட்டும் முன் தோலை ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். எங்கள் கருத்தில் சென்னைக் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை இந்தக் கேப்பில் வைத்திருக்கக் கூடாது. அவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்ப்பதும் மேக்கப் கலைஞரின் வேலைதான்.

நேர்ல சூப்பரா இருக்கு, கேமராவில் வெறும் பச்சைத் தலையா தெரியுது சார்?

நேர் எதிரிலிருந்து விழும் விளக்கு பள்ளத்தின் நிழலைத் தின்றுவிடுகிறது. ஒளிப்பதிவாளரிடம் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ ஒரு விளக்கு கேளுங்கள். கிடைக்காவிட்டால் நிழலை நாமே தீட்ட வேண்டும். ஒவ்வொரு பெரிய செதிலின் பின்நுனிக்குக் கீழே மெல்லிய கறுங்கோடு, முன்பக்க முகட்டில் ஒரு வெளிர்ப் புள்ளி. மேடைக்கு இதையே இன்னும் அழுத்தமாகப் போடலாம். பளபளப்பு வார்னிஷை நீர்வாழ் ஜீவனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல்லி, உடும்புக்கு அது பிளாஸ்டிக் தோற்றம் தரும்.

ஒரு கேப்பை எத்தனை தடவை போடலாம்? எப்படி எடுத்து வைக்கிறது?

பசைக்குரிய ரிமூவரைப் பிரஷ்ஷில் தொட்டு விளிம்புக்கு அடியில் விட்டு, தோல் தானாக விடும்வரை மெல்ல உருட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தோலுக்கு நல்லது, ஆனால் எண்ணெய் பட்ட விளிம்பு ஊதி நெளிந்துவிடும். மெல்லிய ஓரம் பெரும்பாலும் ஒரே தடவைதான் தாங்கும். செதில் உள்ள நடுப்பகுதி மறுபடி உதவும். கெட்ட ஓரத்தை நறுக்கிவிட்டு, அச்சில் போட்டுப் புது ஓரத்தை லேடெக்ஸால் ஒற்றி எடுக்கலாம். வேறொருவர் தலைக்குப் போகும் முன் உள்பக்கத்தைச் சோப்பால் கழுவி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

காய்ந்த பிறகு உள்ளும் புறமும் பவுடர். பவுடர் இல்லாமல் மடிந்து ஒட்டிய லேடெக்ஸைப் பிரிக்க முயன்றால் கிழியும். உள்ளே வெள்ளை டிஷ்யூ காகிதம் அடைத்து உருண்டையாக நிற்கவைத்து, மூடிய பெட்டியில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். சூரிய ஒளியும் சூடும் ரப்பரை முதலில் பிசுபிசுக்க வைத்து, பிறகு நொறுங்க வைக்கும். பழைய கேப்பை மறுபடி எடுக்கும்போது மாட்டிப் பார்க்கும் முன், இரண்டு செதில்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை விரலால் லேசாக விரித்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அந்தக் கேப் தலைக்குப் போகக் கூடாது. நல்ல செதில்களை மட்டும் வெட்டி எடுத்து, விளிம்பு மறைக்கும் துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.